கொல்லைக் கீரையும் தில்லி வசந்தமும்

ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றார்கள். அந்தக் கணக்கைத் தில்லிக்குக் கொண்டு வந்தால் சிறிதும் பொருந்தாது. சித்திரை பிறக்கும்போதே இங்கு வெயில் சுடத் தொடங்கிவிடும். வைகாசியில் 'லூ' என்னும் அனற்காற்று வீசும். தில்லியின் வசந்தம் மாசியிலும் பங்குனியிலும், அதாவது நாம் பின்பனிக்காலம் என்று சொல்லும் நாட்களில், வந்து ஆறு வாரங்கள் தங்கிவிட்டுச் சொல்லாமல் போய்விடுகிறது. அந்த ஆறு வாரங்களில் வீட்டுத் தோட்டத்துக் கீரைகளுக்கு ஒரு தனி மென்மையும் ருசியும் உண்டு.

சென்ற பொங்கல் விழாவில் சங்கத்திற்கு வந்திருந்த இளம் தம்பதிகள் சிலர், "மாடியில் நாலு தொட்டி வைத்திருக்கிறோம், சாலடுக்கு வேண்டிய இலைகளை வளர்ப்பதும் பறிப்பதும் எப்படி என்று எழுதுங்களேன்" என்று என்னைக் கேட்டார்கள். கேட்டது தோட்டக் கலையைப் பற்றி. எழுத உட்கார்ந்தபோதோ என் தாயாரின் நினைவுதான் முதலில் வந்தது. அந்தக் கலையை எனக்குக் கற்பித்தவர் அவரே. அவருக்கு நான் இழைத்த ஒரு பிழையும் அதே தோட்டத்தில்தான் நிகழ்ந்தது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1998ஆம் ஆண்டு. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நான் உத்தியோகம் பார்த்து வந்தேன். சரோஜினி நகரில் கீழ்த்தளத்தில் எங்களுக்கு ஓர் அரசுக் குடியிருப்பு கிடைத்திருந்தது. வீட்டின் பின்புறம் இருபதடி நீளமும் எட்டடி அகலமும் உள்ள ஒரு துண்டு நிலம். முன்பு குடியிருந்தவர்கள் அதில் உடைந்த செங்கல்லையும் ஓட்டைத் தகரத்தையும் போட்டு வைத்திருந்தார்கள். அதைச் சுத்தம் செய்து, மண்ணைக் கொத்தி, மாட்டெரு கலந்து பாத்தி கட்டியபோது எனக்கு நாற்பத்தைந்து வயது. கும்பகோணத்துக்கு அருகே காவிரிக் கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் என்றாலும், அதுவரை மண்வெட்டியைப் பிடித்தறியாதவன் நான். அப்பாவும் அம்மாவும் எங்களைப் படிக்க அனுப்பினார்களே தவிர, கொல்லைப்பக்கம் வேலைக்கு அனுப்பியதில்லை.

அவ்வாண்டு ஆடி மாதத்தில் என் தந்தையார் காலமானார். காரியங்கள் முடிந்ததும் ஊர் வீட்டை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தது. தம்பி மஸ்கட்டில், நான் தில்லியில். எழுபத்து மூன்று வயதுத் தாயாரைத் தனியே விட்டு வர மனமில்லை. மூன்றே வாரத்தில் வீட்டை விற்றோம். அம்மா ஆட்சேபம் ஒன்றும் சொல்லவில்லை. "உங்களுக்குச் சரின்னா எனக்கும் சரிதான்" என்றார். அந்தச் சொற்களை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் எங்களோடு வந்தபோது அவர் கொண்டு வந்தவை ஒரு தகரப் பெட்டி, ஒரு பித்தளைச் சொம்பு, பழைய புடைவைத் துண்டில் முடிந்த ஒரு சிறு மூட்டை. வீட்டுக்கு வந்து அவிழ்த்தபோது அந்த மூட்டையில் கரும்பளபளப்பான பொடி விதைகள் இருந்தன. முளைக்கீரையும் தண்டுக்கீரையும் கலந்த விதை. கொல்லையில் கடைசியாக முற்றிய கதிர்களை உலுக்கி எடுத்து வந்திருக்கிறார்.

தில்லிக்கு வந்து அவர் யாரோடும் அதிகம் பேசவில்லை. இந்தி தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலை மந்திருக்கு அழைத்துப் போவோம். அங்கே தமிழ்ப் பேச்சு காதில் விழும்போது மட்டும் முகம் சற்று மலரும். மற்ற நாட்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாடு குறைந்தது. ஐ.என்.ஏ. சந்தைக்குப் போய் முருங்கைக்காயும் சேனையும் வாங்கி வந்தாலும், "இருக்கட்டும், குழந்தைக்குப் போடு" என்பார்.

குழந்தை என்றது என் மகளை. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத் தோழி ஒருத்தியின் வீட்டில் சாலடு தின்றுவிட்டு வந்து, "நம் வீட்டிலும் அந்த இலை வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தாள். அவளுக்காகத்தான் நான் லெட்டூஸ் பயிரிட்டேன். தில்லிக் காய்கறிக்காரர்கள் அதைச் 'சலாத் பத்தா' என்பார்கள். அம்மா அதைச் 'சாலடுக்கீரை' ஆக்கிக்கொண்டார்.

விதைக்காகப் பூசாவுக்குப் போனேன். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் முதலில் பீகாரிலுள்ள பூசா என்ற ஊரில் இருந்தது. 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அங்கே கட்டடங்கள் இடிந்ததால் 1936இல் தில்லிக்கு வந்தது. ஊரை விட்டு வந்தும் ஊர்ப் பெயரை விடவில்லை. இன்றும் தில்லிவாசிகளுக்கு அது பூசாதான். அந்தப் பெயரைத் தாங்கிய பாலக்கும் வெந்தயமும் நாடெங்கும் விளைகின்றன. நான் 'பூசா ஜோதி' பாலக்கும், 'பூசா கசூரி' வெந்தயமும் வாங்கினேன். லெட்டூஸ், கடுகு, முள்ளங்கி, கொத்துமல்லி விதைகளை வேறொரு கடையில் வாங்கினேன்.

தீபாவளி கழிந்து வெயில் தணிந்த பிறகே லெட்டூஸ் விதைக்க வேண்டும். மண்ணின் சூடு 30 டிகிரிக்கு மேல் போனால் அந்த விதை உறங்கிவிடும்; எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் கண் விழிக்காது. அதற்கு வெளிச்சமும் வேண்டும். ஆழமாகப் புதைக்காமல் மண்ணின்மேல் தூவி, பொடி எருவை மிக மெல்லியதாகப் போர்த்த வேண்டும். இவையெல்லாம் புத்தகத்தில் படித்தவை. புத்தகத்தின்படி செய்தேன், முளைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மாவும் ஒரு மூலையில் தம் விதையைத் தூவினார். மார்கழிக் குளிர். விடியற்காலையில் நாலைந்து டிகிரிக்கு இறங்கும் பனியில் தண்டுக்கீரை எப்படி முளைக்கும்? அது வெப்பத்தில் வளரும் பயிர். நாள்தோறும் காலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து அந்த மூலையைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போவார். நானும் விளக்கிச் சொல்லியிருக்கலாம். அலுவலக அவசரத்தில் சொல்லவில்லை.

பிப்ரவரி பிறந்தது. மூடுபனி விலகியது. ஒரு வாரத்து வெயிலில் செடிகள் அத்தனையும் பொங்கி எழுந்தன. லெட்டூஸ் ஒவ்வொன்றும் விரித்த தாமரையளவு ஆயிற்று. "ஞாயிற்றுக்கிழமை உன் தோழிகளைக் கூப்பிடு, நம் தோட்டத்துச் சாலடு போடலாம்" என்று மகளிடம் சொல்லியிருந்தேன். அவள் ஐந்து பேரை அழைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தால் லெட்டூஸ் பாத்தி வெறுமையாகக் கிடந்தது. ஒரு செடி மீதியில்லை. சமையலறையில் கல்சட்டி நிறையக் கீரை மசியல். அம்மா கீரை மத்தைக் கையில் பிடித்தபடி, தில்லிக்கு வந்த ஆறு மாதங்களில் நான் காணாத ஒரு சிரிப்போடு, "வந்துட்டியா? இன்னிக்கு நம்ம தோட்டத்துக் கீரைடா. வேரோட பிடுங்கி, அலசி, மசிச்சு வெச்சிருக்கேன். கொஞ்சம் கசக்கிறது, தேங்காய் அரைச்சு விட்டிருக்கேன்" என்றார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகாவது நான் நாவை அடக்கியிருக்க வேண்டும். அடக்கவில்லை. "யாரைக் கேட்டுப் பிடுங்கினாய்? நாலு மாசப் பாடு! இது ஒன்றும் உன் ஊர்க் கொல்லை இல்லை!" என்று கத்திவிட்டேன்.

அம்மா மத்தைக் கீழே வைத்தார். "தெரியாமப் போச்சு" என்றார். அவ்வளவுதான். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மசியலை நாங்களும் தொடவில்லை. மறுநாள் சந்தையில் வெள்ளரிக்காயும் தக்காளியும் வாங்கி வந்து குழந்தைகளுக்குப் போட்டோம். அவர்கள் சந்தோஷமாகவே தின்றார்கள். நான் அத்தனை பெரிதாக எண்ணிய நஷ்டம் ஒரு ரூபாய்க் காசளவுகூட இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லைத் திருப்பி எடுக்க வழி தெரியவில்லை. அவருடைய கொல்லையை விற்றவனும் நானே. அது அவருடைய கொல்லை இல்லை என்று சொல்லிக் காட்டியவனும் நானே.

அதன்பின் பதினைந்து நாட்கள் அம்மா பின்கட்டுக் கதவைத் தாண்டவில்லை.

எங்கள் அடுத்த வீட்டில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அதிகாரியின் தாயாருக்கு அறுபது வயதுக்கு மேல். லாயல்பூரில் பிறந்தவர், பாகிஸ்தானில் 1977 முதல் பைசலாபாத் என்று வழங்கும் ஊர் அது. 1947இல் பத்து வயதுச் சிறுமியாக, உடுத்த துணியோடு எல்லை கடந்து வந்தவர். எங்கள் பாத்திகளின் ஓரத்தில் களையாக முளைத்திருந்த ஒரு செடியை அவர் தினமும் பார்த்து வந்திருக்கிறார். ஒரு நாள் வேலிக்கு அப்பாலிருந்து என் மனைவியிடம், "அதை ஏன் பிடுங்கி எறிகிறீர்கள்? பத்துவா அல்லவா!" என்று கேட்டு, ஒரு கை பறித்துக் கொடுத்து, "மாதாஜியிடம் காட்டு" என்றாராம்.

மனைவி உள்ளே கொண்டு போய்க் காட்டினாள். இலையின் அடியில் மாவு பூசினாற்போலிருக்கும் அந்தத் தழையை அம்மா விரலால் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார். "இது சக்கரவர்த்திக்கீரைன்னா! இது இங்கேயும் இருக்கா?" என்றார். களை என்று நான் எறிந்துகொண்டிருந்த செடி அவருக்குப் பழகிய கீரை. பஞ்சாபி அம்மையார் அதை வேகவைத்து, மசித்து, தயிரில் கலந்து, சீரகப்பொடி தூவி ராயிதா செய்வார். அம்மா அதையே கடுகு தாளித்துத் தயிர்ப்பச்சடி ஆக்கினார். இரண்டு கிண்ணங்கள் வேலிக்கு மேலாக இடம் மாறின. ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. ஆயினும் அன்று முதல் பிற்பகல்தோறும் வேலிக்கு இருபுறமும் இரண்டு மோடாக்கள் போடப்பட்டன. பஞ்சாபியிலும் தமிழிலும் என்ன பேசிக்கொண்டார்களோ, நான் அறியேன். வீட்டை விட்டு வந்த கதையைச் சொல்ல மொழி அவ்வளவு தேவைப்படவில்லை போலும்.

ஆனாலும் எங்கள் பாத்திப் பக்கம் அம்மா வரவில்லை. மோடாவை எடுத்துக்கொண்டு வேலியோரத்தோடு நடந்து போவார்.

நானோ பிடுங்கிய இடத்தில், நாற்றங்காலில் மிஞ்சியிருந்த லெட்டூஸ் நாற்றுகளை நட்டிருந்தேன். மாசிக் கடைசியில் அவை ஒரு சாண் அளவுக்கு வந்தன. பாலக்கும் வெந்தயமும் தளதளவென்று நின்றன. ஒரு விடுமுறை நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு கூடையோடு இறங்கி, கிடைத்த இலைகளையெல்லாம் பறித்தேன். வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த அரைமணிக்குள் அத்தனையும் துவண்டு, நனைந்த காகிதம்போல் ஆகிவிட்டன. மகள் முகத்தைச் சுளித்தாள்.

ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது: "வெயில் ஏறினப்புறம் கீரை பறிக்கலாமாடா?"

பதினைந்து நாட்களுக்குப் பின் அவராகப் பேசிய முதல் வார்த்தை அது. நான் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் நீட்டினேன். "எப்படிப் பறிக்கணும்? நீயே வந்து காட்டு" என்றேன். அவர் கத்தியைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு போர்வையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

லெட்டூஸ் பாத்தியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு செடியின் அடியைக் கையால் தடவிப் பார்த்தார். ஓர் இலையை ஒடித்தார். ஒடித்த இடத்தில் பால் வந்தது. உள்ளே சுருண்டிருந்த குருத்தைப் பிரித்துப் பார்த்தார். "அடடா, இது முளைக்கீரை ஜாதி இல்லைடா, அரைக்கீரை ஜாதி! வேரோட பிடுங்கக் கூடாது. அரிய அரிய வரும். அன்னிக்கே நான் குருத்தைப் பார்த்திருக்கணும், என் புத்தி எங்கேயோ இருந்தது" என்றார்.

நம் ஊரில் முளைக்கீரையை இளசாக வேரோடு பிடுங்குவார்கள். அரைக்கீரையைக் கிள்ளி எடுப்பார்கள். அது மறுபடி மறுபடி தழைக்கும். புத்தகம் பத்துப் பக்கங்களில் சொல்லியும் என் மனத்தில் பதியாததை அம்மா ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அன்றும், அதற்குப் பின் வந்த பல வசந்தங்களிலும் அவர் சொன்னவற்றை வாசக அன்பர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, நேரம். இரவெல்லாம் வேர் உறிஞ்சிய நீர் விடியற்காலையில் இலைகளில் நிறைந்திருக்கும். வெயில் ஏற ஏற அது ஆவியாகிப் போகும். ஆகவே காலையில் பறித்தால்தான் இலை மொறுமொறுவென்று நிற்கும். ஆனால் பனி சொட்டச் சொட்டப் பறிக்கலாகாது. ஈர இலை விரைவில் அழுகும். "பனி உலரணும், வெயில் ஏறப்படாது" என்பது அம்மாவின் வாக்கு. தில்லி மார்ச்சில் அது ஏறக்குறைய எட்டு மணி. பொழுது சாய்ந்தபின் செடியைத் தொடவும் விடமாட்டார்.

இரண்டாவது, அளவு. லெட்டூஸில் அடியிலுள்ள வெளி இலைகளை மட்டும் ஒடித்தெடுத்து, நடுவிலுள்ள நாலைந்து இலைகளைக் குருத்தோடு விட்டுவிட வேண்டும். ஒரே செடியை எட்டு நாளைக்கு ஒருமுறை தொட்டால் போதும். பாலக்கைத் தரையிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு அரிந்தால் இரண்டு வாரத்தில் மறுபடி தழைக்கும். பலர் பாலக்கைப் பசலை என்று எண்ணுகிறார்கள்; அது பீட்ரூட்டுக்கு நெருங்கிய உறவு. பத்துவாவும் அதே குடும்பம். வெந்தயத்தின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும். கொத்துமல்லியையும் கடையில் விற்பதுபோல் வேரோடு பிடுங்காமல், வெளித் தண்டுகளாகப் பார்த்து எடுக்கலாம். கடுகுக்கீரையைப் பூ வருமுன் இளந்தளிராக ஒடிக்க வேண்டும். முள்ளங்கியை நெருக்கம் குறைக்கப் பிடுங்கும்போது வரும் குஞ்சு இலைகளும் பச்சையாகத் தின்ன ஏற்றவையே. சுருக்கென்று ஒரு காரம் இருக்கும்.

மூன்றாவது, பறித்த பின் செய்வது. செடியிடம் வாங்கியதற்குப் பதில் கொடுக்க வேண்டும் என்பார் அம்மா. பறித்ததும் பாத்திக்குத் தண்ணீர். பதினைந்து நாளைக்கு ஒரு முறை, கடுகுப் பிண்ணாக்கை நாலு நாள் ஊறவைத்து, நிறையத் தண்ணீர் கலந்து, வேரில் ஊற்றுவோம். பறித்த இலைகளை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும்.

நான்காவது, அலசுவது. சமைக்கும் கீரைக்கு அடுப்பு காவல். பச்சையாகத் தின்னும் இலைக்கு நம் கைதான் காவல். பிப்ரவரி மார்ச்சில் தில்லியில் அசுவினிப் பூச்சி பெருகும்; கடுகிலிருந்து லெட்டூஸுக்கும் ஏறும். இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, உப்புப் போட்ட தண்ணீரில் பத்து நிமிஷம் அமிழ்த்தினால் பூச்சிகள் விலகி வந்துவிடும். பிறகு ஓடும் தண்ணீரில் இரண்டு முறை. கடைசியாகக் குடிக்கிற தண்ணீரில் ஒரு முறை. பச்சையாகத் தின்னப் போகும் இலைமேல் பசுஞ்சாணத்தையோ மக்காத எருவையோ படவிடவே கூடாது.

பங்குனி பிறந்து வெயில் உறைத்தது. லெட்டூஸ் செடிகளின் நடுவில் தண்டு நீளத் தொடங்கிற்று. தண்டு கிளம்பினால் இலையில் கசப்பு ஏறும், பாலும் மிகும். அந்தப் பாலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே அச்செடிக்குப் பெயர் வந்ததாம். "கடைசிப் பறிப்பு இதுதான், வேகவைக்காமல் ஏதாவது செய்ய முடியுமா, பாட்டி?" என்று மகள் கேட்டாள். மூன்று நாளில் ஸ்ரீராம நவமி.

அன்று அம்மா இரண்டு கோசுமல்லி செய்தார். ஒன்று, வழக்கம்போல் ஊறிய பயற்றம்பருப்பும் வெள்ளரிக்காயும் சேர்ந்தது, அது நைவேத்தியத்துக்கு. மற்றொன்றில் வெள்ளரிக்காய்க்குப் பதில் லெட்டூஸை மெல்லியதாக நறுக்கிப் போட்டு, துருவிய தேங்காய், கொத்துமல்லி, மாங்காய்த் துண்டு சேர்த்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினார். "சுவாமிக்குப் பழக்கமில்லாததைக் கொடுக்க வேண்டாம், இது நமக்கு" என்றார். மாங்காய்ப் புளிப்பிலும் தேங்காயின் இனிப்பிலும் அந்தக் கசப்பு அடங்கி, அதுவே ஒரு ருசியாயிற்று. மகள் மூன்று தரம் வாங்கித் தின்றாள். ஒரு கிண்ணம் வேலியைத் தாண்டிற்று. அம்மாவும் அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

உண்டு முடித்தபின் அவர் கொல்லைக்குப் போனார். தண்டு விட்ட லெட்டூஸ் செடிகளில் ஒன்றை மட்டும் விதைக்கு விட்டுவிட்டு மற்றவற்றைப் பிடுங்கினார். மண்ணைக் கிளறிச் சமன் செய்தார். புடைவைத் துண்டை அவிழ்த்து, மிச்சமிருந்த விதையை மணலோடு கலந்து தூவினார். நான் தண்ணீர் தெளித்தேன்.

ஆறாம் நாள் காலை என்னை எழுப்பினார். பாத்தி முழுவதும் செந்நிற ஊசிமுனைபோல் முளைகள். மார்கழியில் மறுத்த அதே விதைதான். "குளிருக்குப் பயந்துண்டு இருந்திருக்கு, பாவம்" என்று சொல்லிவிட்டு, அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். அப்போதாவது, "அன்று அப்படிச் சொன்னது தவறு, அம்மா" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின் பதினோரு ஆண்டுகள் அவர் எங்களோடு இருந்தார்; ஒரு நாளும் சொல்லவில்லை. அவர் மன்னித்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கேட்டுப் பெற்ற மன்னிப்பு வேறு, கேளாமலே கிடைத்தது வேறு. அது இன்றும் உறுத்துகிறது.

அதன்பின் ஆண்டுதோறும் எங்கள் நிலத்தில் இரண்டு போகம் நடந்தது. ஐப்பசி முதல் பங்குனி வரை மகளுடைய சாலடுக்கீரை. பங்குனி முதல் பாட்டியின் தண்டுக்கீரை. 2010இல் அம்மா மறைந்தார். 2013இல் நான் ஓய்வு பெற்று அந்த வீட்டைக் காலி செய்தேன். 2016இல் சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2018 ஜூனில் அங்குள்ள மரங்களைக் காக்க மக்கள் திரண்டதையும், மரம் வெட்டத் தில்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததையும் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். நாங்கள் இருந்த கட்டடம் இன்று இல்லை. எங்கள் எட்டடி நிலம் எங்கே இருந்தது என்று கேட்டால் என்னால் காட்ட முடியாது.

இப்போது மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். கிழக்கு பார்த்த பால்கனியில் ஆறு நீளத் தொட்டிகள். ஒரு சாண் ஆழமுள்ள தொட்டி லெட்டூஸுக்கும் வெந்தயத்துக்கும் தாராளம். நாளொன்றுக்கு நாலைந்து மணி நேரம் வெயில் விழுந்தால் போதும். மார்ச்சில் பகல் வெயிலுக்கு ஒரு பழைய வேட்டியைத் திரையாகக் கட்டினால், தண்டு கிளம்புவது பத்து நாள் தள்ளிப் போகும். எல்லா விதையையும் ஒரே நாளில் தூவாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தொட்டியாக விதைத்தால் ஒரே சமயத்தில் மலிந்து வீணாகாமல் ஒழுங்காகக் கிடைத்து வரும்.

இந்த ஒழுங்கின் அருமையை வேறொரு வகையிலும் உணர்ந்தேன். 2019இல் என் மனைவிக்கு இருதய வால்வு மாற்றினார்கள். அது முதல் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உட்கொள்கிறாள். கீரைகளிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கும். வசந்தம் வந்ததென்று கீரையை அள்ளித் தின்றாலும் ஆபத்து. பயந்து திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. "நிறுத்த வேண்டாம், வாரம்தோறும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். மாற்றுவதானால் சொல்லிவிட்டு மாற்றுங்கள்" என்றார் வைத்தியர். அம்மாவின் கணக்கும் அதுதான்: ஆளுக்கு ஒரு கைப்பிடி. அம்மருந்தை உட்கொள்வோர் வீட்டில் உண்டானால், உங்கள் வைத்தியரைக் கலந்துகொண்டு அளவை வகுத்துக்கொள்ளுங்கள்.

புனாவிலிருக்கும் என் மகள் இவ்வாண்டு சங்கராந்திக்கு வந்தபோது, அவளுடைய எட்டு வயதுப் பையன் பால்கனியில் இறங்கி ஒரு லெட்டூஸ் செடியை வேரோடு பிடுங்கிக் கையில் பிடித்துக்கொண்டு, "தாத்தா, பார்!" என்று சிரித்தபடி வந்தான். வாய்வரை வந்த சொல்லை இம்முறை அடக்கிக்கொண்டேன். அவனை அருகில் உட்கார வைத்து, குருத்தைப் பிரித்துக் காட்டி, "இது முளைக்கீரை ஜாதி இல்லை, கண்ணா, அரைக்கீரை ஜாதி" என்றேன். அவனுக்கு முளைக்கீரையும் தெரியாது, அரைக்கீரையும் தெரியாது. பிடுங்கிய செடியின் வேரில் மண் ஒட்டியிருந்தது. இருவரும் அதை மறுபடி தொட்டியில் வைத்து, தண்ணீர் ஊற்றி, இரண்டு நாள் நிழலில் வைத்தோம். பிழைத்துக்கொண்டது.

ஊரை விட்டு வந்து வாழும் நம் வீடுகளில் வயது முதிர்ந்த பெரியவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு தொட்டி மண்ணையும் ஒரு பிடி விதையையும் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் எதையேனும் தவறாகப் பிடுங்கிவிட்டால், முதலில் மசியலை உட்கார்ந்து சாப்பிடுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.